வேலு இறங்கினால்தான் கரண்டு

எங்கள் தெரு முனையில் நூலகம் இருக்கிறது. பக்கத்து வேப்பமரத்தடியில் காலையிலிருந்தே பிள்ளைகள் கூட்டம். எல்லாம் அரசாங்க வேலைப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள். பி.இ. முடித்தவன், எம்.எஸ்ஸி. முடித்தவள், டிப்ளமோ படித்துவிட்டு நாலு கம்பெனி மாறினவன், எல்லாரும் அங்கே இருப்பார்கள். நான் கரண்ட் ஆபீஸில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன் என்று எப்படியோ தெரிந்துபோய்விட்டது. பால் வாங்கப் போனால் விடமாட்டார்கள்.

"அங்கிள், எந்த டிபார்ட்மென்ட்ல வேலை கம்மி? உண்மையைச் சொல்லுங்க, கவுன்சிலிங்ல அதையே எடுத்துக்கறேன்" என்றான் ஒருவன்.

"சுடுகாட்டுலதான்பா. படுத்துக்கினே இருக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க" என்றேன்.

மரத்தடியே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாலைத் தூக்கிக்கொண்டு வேகமாக வந்துவிட்டேன்.

இன்னொரு ரகமும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரி பஸ்ஸுக்காகக் கழுத்தில் அடையாள அட்டையோடு நிற்கிற பிள்ளைகள். "கவர்மென்ட் வேலையா? ஐயே, சம்பளமும் இல்ல, லைஃபும் இல்ல, போற வர்றவன்லாம் திட்டுவான்" என்பார்கள். ஒரு கூட்டத்துக்கு அரசாங்க வேலை என்றால் மெத்தை, இன்னொரு கூட்டத்துக்குப் பாழுங்கிணறு. அந்த வேலையில் காலையில் போய் என்ன செய்வார்கள் என்று இரண்டு பக்கமும் ஒருத்தரும் கேட்டதில்லை.

கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? என் வீட்டுக் கதையைக் கேட்டால் நீங்களே சிரிப்பீர்கள்.

என் மகள் கவிதா எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்தவள். ஃபேக்டரியில் வேலை. வாசலில் கார் வந்து ஏற்றிக்கொண்டு போகும், ஏ.சி. ஹாலில் உட்கார்த்தி வைக்கும், திரும்பக் கொண்டுவந்து விடும். சத்தம் போடாமல் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி, இந்த வருஷம் ஆர்டரும் வாங்கிவிட்டாள். எங்கள் கரண்ட் ஆபீஸிலேயே ஏ.இ. வேலை, அதாவது அசிஸ்டென்ட் இன்ஜினியர். என் ஆயுசில் நான் சல்யூட் அடித்த நாற்காலி! வைகாசித் தேர் முடிந்த மறுநாள்தான் சேருவதற்குக் கடைசி நாள்.

தெருவே நான் லட்டு கொடுப்பேன் என்று பார்த்துக்கொண்டிருந்தது. நான் "வேணாம்" என்றேன்.

"இன்னாய்யா இது! உனக்கு சோறு போட்ட வேலை, உன் பொண்ணுக்கு வேணாமா?" என்று பக்கத்து வீட்டு ஜரிகைக் கடை முருகேசன் கேட்டார்.

கவிதா விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டைக் கூட எடுக்காமல் என் எதிரில் உட்கார்ந்துகொண்டாள். "வேணாம் வேணாம்னு சொல்றியே, ஏன்னு ஒரு காரணம் சொல்லுப்பா. சரியா இருந்தா நான் ஃபேக்டரிலயே இருந்துடறேன்."

அந்த வேலையில் ஒழுங்காக நடந்துகொண்டவருக்கு என்ன கிடைத்தது என்று சொன்னால் பெண் பயந்து விட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். ஸ்டெல்லா மேடம் கதையைச் சொன்னேன்.

என் கதை பெரிசாக ஒன்றும் இல்லை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஹெல்பராகச் சேர்ந்தேன். குழி தோண்டினேன், கம்பம் நட்டேன், ஏணி தூக்கினேன். அப்புறம் வயர்மேன், அப்புறம் லைன்மேன். முழங்காலில் தழும்பு, உள்ளங்கையில் காய்ப்பு, கடைசியில் லைன் இன்ஸ்பெக்டர். இதைத்தான் சர்வீஸ் என்கிறார்கள். கூட வேலைக்குச் சேர்ந்தவர்களில் இரண்டு பேர் கம்பத்திலேயே போய்விட்டார்கள். அதைப் பற்றி வீட்டில் பேசமாட்டேன். ஆனால் என் பெண்டாட்டி சரசுவுக்குத் தெரியும். "நீ ஏறின கம்பத்துல எல்லாம் நானும் ஏறினேன்யா, இங்க உக்காந்துக்கினே" என்று ஒருதரம் சொன்னாள்.

எங்கள் ஊரில் தேர் என்றால் மற்றவர்களுக்குச் சாமி, எங்களுக்குக் கம்பி. தேர் போகிற தெருவில், இந்தப் பக்கக் கம்பத்திலிருந்து எதிர்ச்சாரி வீட்டுக்குப் போகிற கம்பிகள் குறுக்கே நிற்கும். தேரோ கோபுரம் எழுந்து நடந்து வருகிற மாதிரி வரும். அதனால் தேர் தெருவுக்குள் திரும்புவதற்கு முன்னால் கரண்டை நிறுத்தி, குறுக்குக் கம்பிகளை எல்லாம் கழற்றிக் கீழே இறக்குவோம். தேர் தாண்டினதும் திரும்ப மாட்டுவோம். அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு என்று தேருக்கு முன்னால் ஒரு கூட்டம் கழற்றிக்கொண்டே போகும், பின்னால் ஒரு கூட்டம் மாட்டிக்கொண்டே வரும்.

கரண்டை நிறுத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. அதற்குப் பேர் லைன் கிளியர். சப்-ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, இன்னார் பேரில் இந்த லைனை நிறுத்துங்கள் என்று கேட்டு வாங்க வேண்டும். யார் பேரில் வாங்கினோமோ அவர் வாயால் "வேலை முடிந்தது" என்று சொன்னால்தான் திரும்பக் கரண்டு விடுவார்கள். கலெக்டரே சொன்னாலும் விடக்கூடாது. நிறுத்தினதும் ஆளை ஏற்றிவிடவும் முடியாது. எவன் வீட்டு ஜெனரேட்டரிலிருந்தாவது பின்பக்கமாகக் கரண்டு வந்து தொலைக்கும். அதனால் வேலை செய்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் கம்பியில் கொக்கியை மாட்டி மண்ணோடு இணைத்துவிட்டுத்தான் ஏறணும். இதெல்லாம் எங்களுக்குப் பழக்கம். கடைசியில்தான் கொஞ்சம் கோளாறு. மேலே ஏறினவர்கள் எல்லாம் இறங்கிவிட்டார்களா என்று தெருக்கோடியில் ஒருத்தன் பார்ப்பான், "எல்லாம் ஆச்சு சார்!" என்று விசிலடிப்பான், கரண்டு வந்துவிடும். அப்படியேதான் எத்தனையோ வருஷம் ஓடியது.

அப்போதுதான் ஸ்டெல்லா மேடம் ஏ.இ.யாக வந்தார். சின்ன வயசு. வாலாஜாபாத் பக்கத்துக் கிராமம். அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள், அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசல் மிதித்தவர் அவர். நேராகப் பரீட்சை எழுதிவந்த பெண் என்றதும் எங்கள் ஆட்கள் ஆளுக்கொரு ஜோசியம் சொன்னார்கள். ஆபீஸை விட்டு வெளியே வராது, வெயிலுக்கு முகம் கறுத்துடும்னு குடை பிடிக்கும், ஆறு மாசத்தில் மெட்ராஸுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடும் என்றெல்லாம்.

குடை பிடித்தார்தான். ஆனால் கம்பத்தடியில் நின்று பிடித்தார். ஜீப்பில் உட்காரவே மாட்டார். யாரையும் நீ, வா, போ கிடையாது. கான்ட்ராக்டில் வந்த கூலி ஆளையும் "வாங்க, ஏறுங்க, பார்த்து" என்றுதான் சொல்வார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. எதிரில் யாராவது கத்தினால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டாவால் மெதுவாகத் துடைத்துக்கொண்டிருப்பார். கத்துகிறவர் ஓய்ந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சொல்லி முடிச்சிட்டீங்களா சார்?" என்பார். பாதிப் பேர் அதிலேயே அடங்கிவிடுவார்கள்.

வந்த புதிதிலேயே ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார். லைன் கிளியர் அவர் பேரில்தான் வாங்குவார். வேலை முடிந்ததும், மேலே ஏறின ஒவ்வொரு ஆளும் அவர் முன்னால் வந்து நின்று, தன் பேரைத் தானே சொல்லி, "இறங்கிட்டேன்" என்று சொல்லணும். அடுத்தவன் சொல்லக் கூடாது. பக்கத்திலேயே நின்றாலும் அவனவன் வாயைத் திறக்கணும்.

ஆட்களுக்குத் தமாஷ் தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கிற மாதிரி, "உள்ளேன் ஐயா" என்று நீட்டி முழக்கினார்கள். மேடமும் சிரித்துவிட்டு, "அது வேணாம். பேரு, இறங்கிட்டேன், அவ்ளோதான்" என்றார்.

நானே ஒருநாள் கேட்டேன். "நான்தான் பாத்துக்கினு இருக்கேனே மேடம், எல்லாரும் இறங்கிட்டாங்கன்னு நான் சொன்னா போதாதா?"

"எல்லாரும் இறங்கிட்டாங்கன்னு நீங்க சொல்றது உங்க நம்பிக்கை, ஏழுமலைண்ணா. எனக்கு நம்பிக்கை வேணாம். ஆளு வேணும்."

எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. கம்பத்தில் போன இரண்டு பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

அந்த வருஷத் தேர். வெயில் மண்டையைப் பிளந்தது. பட்டுக்கடைகள் இருக்கிற ஒரு பெரிய தெருவில் தேர் உச்சி நேரத்துக்கு நுழைந்து, ஆடி அசைந்து, ஒரு திருப்பத்தில் முரண்டு பிடித்து நின்று, ஒருவழியாகத் தாண்டிப் போனது. பின்னாலேயே நாங்கள் கம்பியை மாட்டி முடித்தோம். கடையெல்லாம் கல்யாணக் கூட்டம். ஏ.சி. இல்லை, விசிறி இல்லை, முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர்கள் வேர்த்து வழிந்துகொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். மேடம் முன்னால் ஆட்கள் ஒவ்வொருத்தராக வந்தார்கள். "குமார், இறங்கிட்டேன்." "பாஷா, இறங்கிட்டேன்." "தட்சிணாமூர்த்தி, இறங்கிட்டேன்."

"வேலு எங்க?" என்றார் மேடம்.

வேலு கான்ட்ராக்ட் ஆள். வருஷக்கணக்காக எங்களோடு வேலை செய்கிறான், ஆனால் எங்கள் ஆபீஸ் ஆளில்லை. கம்பத்தில் அணில் மாதிரி ஏறுவான். கடைசியாகத் தெருவின் நடுவில், ஃப்ளெக்ஸ் பேனர்கள் நெருக்கிக் கட்டியிருந்த பக்கம் ஏணியோடு போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இறங்கினதைப் பார்த்தவர் யாரும் இல்லை.

"எங்கயாவது அன்னதானத்துல நிப்பான் மேடம். தேருன்னா அவனுக்குப் புளியோதரைதான்" என்றான் குமார்.

"பாத்தீங்களா?"

"பாக்கல. ஆனா அங்கதான் இருப்பான்."

"கூட்டிக்கினு வாங்க."

குமார் ஓடினான். நான் வேலுவுக்குப் போன் போட்டேன். எங்கள் வண்டியில் கிடந்த சாமான் பைக்குள்ளேயே அது அடித்தது. ஏதோ ஒரு சினிமாப் பாட்டு.

அதற்குள் கடைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். விழாக் கமிட்டிப் பெரியவர் ஒருவர், கழுத்தில் மாலையோடு வந்தார். "தேர் போய் எவ்ளோ நேரமாச்சு! கம்பியெல்லாம் மாட்டியாச்சு, கண்ணுக்குத் தெரியுது. இன்னும் என்னம்மா வேடிக்கை?" மேடம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். பெரியவர் முடிக்கிற மாதிரி இல்லை. கல்யாணச் சீசன், வியாபாரம், மேலிடம், மந்திரி என்று போய்க்கொண்டே இருந்தார். கண்ணாடி பளபளவென்று ஆகிவிட்டது.

பெரிய இன்ஜினியரிடமிருந்து என் போனுக்கே கால் வந்தது. "ஏழுமலை, உங்க ஆளுங்க இறங்கிட்டாங்களா?"

"வேலு வரல சார்."

"யாரு, கான்ட்ராக்ட் ஆளா? அவன் கணக்குல எங்கய்யா வர்றான்? போனை அந்தப் பொண்ணுகிட்ட குடு."

கொடுத்தேன். மேடம் காதில் வைத்துக்கொண்டு, "சரிங்க சார்... சரிங்க சார்..." என்றார். கடைசியில், "ஆளு வரட்டும் சார், விட்டுடறேன்" என்று சொல்லிப் போனை என்னிடம் நீட்டினார். வேலைக்கு வந்து இன்னும் நிரந்தரம் ஆகாத பெண். அவர் சம்பளத்தில்தான் ஊரில் ஒரு குடும்பமே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. நாங்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடி, பேனரையெல்லாம் விலக்கிக் கம்பம் கம்பமாக அண்ணாந்து பார்த்தோம். கடவுளே, மேலே காலைப் பார்த்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே பார்த்தேன்.

கம்பத்தில் ஒருத்தரும் இல்லை. அப்போது தெருக்கோடியிலிருந்து குமார் முன்னால் வர, பின்னால் வேலு வந்தான். இரண்டு கையிலும் இரண்டு தொன்னை. புளியோதரை!

"இன்னா சார், எல்லாம் என்னையே பாக்கறீங்க?" என்றான், வாயில் சோற்றோடு.

கமிட்டிப் பெரியவர் அடிக்கவே கை ஓங்கினார். எங்கள் ஆட்கள் திட்டின திட்டை எழுத முடியாது. மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"பேரைச் சொல்லுங்க."

"வே... வேலு மேடம்."

"இறங்கிட்டீங்களா?"

"இறங்கிட்டேன் மேடம்."

அப்புறம்தான் சப்-ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, வேலை முடிந்தது என்று சொல்லி லைன் கிளியரைத் திருப்பிக் கொடுத்தார். தெரு முழுக்க விசிறி சுற்றியது, ஜனங்கள் கைதட்டி விசிலடித்தார்கள். அதில் கேலிதான் ஜாஸ்தி. வேலு என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு தொன்னையை நீட்டினான். "உங்களுக்குத்தான் மேடம் வாங்கினேன். காலைலேர்ந்து நின்னுக்கினு இருந்தீங்க." மேடம் வாங்கி, நின்றபடியே சாப்பிட்டார். "அடுத்த தடவை சொல்லிட்டுப் போங்க" என்றார்.

வண்டியில் திரும்பும்போது வேலு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "எனக்காவாண்ணா நிறுத்தி வெச்சிருந்தாங்க? அவ்ளோ பெரிய தெருவையா? எனக்கா?" கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மேடத்துக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஊர் வாட்ஸப்பில் 'புளியோதரை பவர் கட்' என்று சிரித்துத் தீர்த்தார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் தெற்கே எங்கோ மாற்றிவிட்டார்கள். அவர் நின்றது சரி என்று மேலேயிருந்து ஒருத்தரும் சொல்லவில்லை. வேலு மட்டும் பஸ் ஸ்டாண்டு வரை பெட்டி தூக்கிக்கொண்டு போனான்.

இதையெல்லாம் கவிதாவிடம் சொல்லி முடித்தேன். "பாத்தியா? ஒழுங்கா வேலை செஞ்சதுக்கு மரியாதை இதான். அதுவும் கம்பத்துல ஆளு இருந்து காப்பாத்தியிருந்தா பேப்பர்லயாவது போட்டிருப்பான். புளியோதரைக்கு யார் மாலை போடுவாங்க? உனக்கு எதுக்கும்மா இந்தப் பேஜாரு?"

கவிதா தட்டில் காய்ந்துபோன சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப வேலு எங்கப்பா இருக்காரு?" என்று மட்டும் கேட்டாள்.

"எங்க இருப்பான்? அதே கான்ட்ராக்ட்லதான்."

பெண் வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

இந்த வருஷத் தேருக்கு ஃபேக்டரியில் லீவு சொல்லிவிட்டு என்னோடு வந்தாள். வடம் தொட்டுக் கும்பிட்டோம், நீர்மோர் குடித்தோம், தேர் தாண்டிப் போனது. நான் கிளம்பலாம் என்றேன். அவள் நகரவில்லை. கம்பி மாட்டுகிற இடத்திலேயே நின்றாள். மேடம் போன கையோடு நானும் ரிட்டயர் ஆனவன், அதற்கப்புறம் கம்பி மாட்டுவதை நின்று பார்த்ததே இல்லை.

இப்போதிருக்கிற ஏ.இ. ஒரு பையன். நல்ல பையன்தான், ஊருக்குப் புதுசு. ஸ்டெல்லா மேடம் என்று ஒருத்தர் இருந்ததே அவனுக்குத் தெரியாது. வேலை முடிந்ததும், "எல்லாரும் வந்தாச்சா?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டுச் சப்-ஸ்டேஷனுக்குப் பேசப் போனைக் காதில் வைத்தான். "இருங்க சார்" என்று ஒரு குரல். ஆட்கள் அவன் முன்னால் வந்து நின்றார்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "குமார், இறங்கிட்டேன் சார்." "பாஷா, இறங்கிட்டேன் சார்." புதுசாகச் சேர்ந்த, எனக்கு முகம் தெரியாத ஆட்கள்கூட வந்து பேரைச் சொன்னார்கள். கடைசியில், எல்லாரையும் முன்னால் அனுப்பிவிட்டு, தலை நரைத்த வேலு வந்தான்.

"வேலு. இறங்கிட்டேன் சார். இப்ப விடுங்க."

"இது என்னய்யா, இந்த ஊர் வழக்கமா?" என்றான் பையன்.

"ஆமா சார். எங்க ஊர்ல இப்படித்தான்."

திரும்பிக் கவிதாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வேலுவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சரசு விசிறி மட்டையோடு வாசலில் நின்றாள். "ஏன்டி, தேர் எப்பவோ போயிடுச்சாமே, கரண்டுக்கு ஏன் இவ்ளோ நேரம்?"

"எல்லாரும் இறங்க வேணாமாம்மா" என்றாள் கவிதா. உள்ளே போய் ஃபேக்டரி காரோட்டிக்குப் போன் போட்டாள். "அண்ணா, நாளைலேர்ந்து எனக்காக வண்டி நிறுத்தாதீங்க" என்றாள்.

நான் சட்டையைக் கழற்றி மாட்டினேன். பெண்ணைப் பயமுறுத்தச் சொன்ன கதை, அவளுக்கு வழிச்செலவாகப் போய்விட்டது.

இப்போது பக்கத்து ஊரில் ஏ.இ.யாக இருக்கிறாள். மழைக்காலம் தொடங்கிவிட்டது. காற்றடித்தால் கம்பி அறும், மரம் விழும், பிள்ளை வெளியில்தான் நிற்பாள். ஏ.இ. எல்லாம் கம்பத்தில் ஏறமாட்டார்கள் என்று நான் சரசுவிடம் எத்தனையோ தரம் சொல்லியாயிற்று. கேட்டால்தானே. போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அடுப்பைப் பற்றவைக்க மாட்டாள். நானும் பசி என்று சொல்வதில்லை.

சாயங்காலம் போன் அடிக்கும். சரசு ஸ்பீக்கரில் போடுவாள்.

"கவிதா. இறங்கிட்டேன்மா."

சரசு எழுந்து போய் அரிசி களைவாள்.